கூட் முற்றுகை, 1915–16: கைவிடப்பட்ட படை, யார் பொறுப்பு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டில் என்ன நடந்தது? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இன்றைய இராக்கில் டைகிரிஸ் ஆறு ஒரு பெரிய வளையம் போட்டுத் திரும்பும் இடத்தில் கூட் அல் அமாரா என்ற ஊர் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1915 டிசம்பர் தொடக்கத்தில், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 6வது பூனா டிவிஷன் அங்கே துருக்கியப் படையிடம் மாட்டிக்கொண்டது. மூன்று பக்கம் ஆறு, நான்காவது பக்கம் எதிரியின் பதுங்குகுழிகள். 147 நாள் தாக்குப்பிடித்துவிட்டு, சாப்பாடு தீர்ந்து, 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தார்கள். சுமார் 13,000 பேர் கைதானார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இந்தியர்கள்: சிப்பாய்கள், சமையல்காரர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், கோவேறு கழுதை ஓட்டுபவர்கள்.

போரில் தோற்பது எந்தப் படைக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் கூட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் என்னென்ன இல்லை என்பது அனுப்பியவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தேதான் அனுப்பினார்கள். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

இந்தியச் சிப்பாய்களுக்கு மெசபடோமியாவில் (இன்றைய இராக்) என்ன வேலை?

எண்ணெய்தான் முதல் காரணம். பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியில் ஆபாதான் என்ற தீவில் ஆங்கிலோ பெர்ஷியன் எண்ணெய் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அதைப் பாதுகாக்க 1914 நவம்பரில் பம்பாயிலிருந்து வந்த படை பக்கத்திலிருந்த ஃபா என்ற இடத்தில் இறங்கியது. அதே மாதம் பஸ்ராவையும் பிடித்துவிட்டது. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பஸ்ராவைக் காக்க இன்னும் கொஞ்சம் மேலே போகலாம் என்றார்கள், அங்கே போனதும் அதைக் காக்க இன்னும் கொஞ்சம். 1915 ஏப்ரலில் ஜெனரல் ஜான் நிக்ஸன் பொறுப்பேற்றார். ஜூனில் அமாரா (கூட் அல் அமாரா இல்லை, வேறு ஊர்), ஜூலையில் நாசிரியா, செப்டம்பர் கடைசியில் கூட் என்று வரிசையாக விழுந்தன. ஒவ்வொரு வெற்றிக்கும் படை பஸ்ராவை விட்டு இன்னும் தூரம் போனது. பின்னால் வரவேண்டிய அரிசி, மாவு, மருந்து, தோட்டா அத்தனைக்கும் அந்த அளவுக்குப் பாதை நீண்டது.

பாக்தாதுக்குப் போகச் சொன்னது யார்?

இதற்கு ஒரே பெயர் சொல்ல முடியாது. அதுவே இந்தக் கதையின் பெரிய கோளாறு.

நிக்ஸன் போகத் துடித்தார். படையை முன்னால் நடத்திப் போன டவுன்ஷெண்ட், பாக்தாதைப் பிடித்துத் தக்கவைக்க இந்தப் படை போதாது என்று சொன்னார். நிக்ஸன் அதைத் தள்ளிவிட்டார். இந்தியாவில் வைஸ்ராய் ஹார்டிங்கும் தலைமைத் தளபதி பீச்சம் டஃப்பும் சம்மதித்தார்கள். லண்டனில் இந்தியா மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின். அங்கே மந்திரிசபைக்கு அப்போது ஒரு வெற்றிச் செய்தி தேவைப்பட்டது, ஏனென்றால் துருக்கியின் கலிபோலி போர்முனையில் எல்லாம் தப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அக்டோபர் 23 அன்று லண்டனிலிருந்து தந்தி போனது: கையிலிருக்கும் படை போதும் என்று நிக்ஸன் நினைத்தால் பாக்தாதுக்குப் போகலாம், பின்னால் இரண்டு டிவிஷன்கள் அனுப்புகிறோம்.

அந்தத் தந்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முடிவு மேலிடத்தினுடையது, "போதும்" என்று சொல்லும் பொறுப்பு களத்தில் இருப்பவருடையது. நாளைக்குத் தப்பாகிவிட்டால் இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டலாம். பின்னால் அப்படியேதான் நடந்தது.

எல்லோரும் படகைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?

பஸ்ராவுக்கும் பாக்தாதுக்கும் நடுவே அப்போது ரயில் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி சாலையும் கிடையாது. மழை பெய்தால் தரையெல்லாம் கால் புதையும் சேறு. டைகிரிஸ்தான் ஒரே பாதை. அதிலும் வேனில் காலத்தில் தண்ணீர் வற்றிவிடும், ஆழமில்லாத இடத்திலும் ஓடக்கூடிய தட்டையான நீராவிப் படகுகள்தான் போக முடியும். ஒரு டிவிஷன் ஆற்றில் எத்தனை மைல் மேலே போகலாம் என்பதைத் துப்பாக்கி எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை, படகு எண்ணிக்கைதான் தீர்மானித்தது.

நிக்ஸனின் அலுவலகமே 1915 நடுவில் படகு வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்பியது. பஸ்ராவிலிருந்து நாசிரியாவுக்கு ஒரு சிறிய ரயில்பாதை போடலாம் என்ற யோசனையும் போனது. செலவைக் காரணம் காட்டி இந்திய அரசு அதை மறுத்துவிட்டது. படகுகளுக்கு ஆர்டர் கொடுப்பதிலும் இழுபறி. பஸ்ராவில் கப்பல் அணையும் துறைமேடைகூட ஒழுங்காக இல்லை. கடல் கப்பல்கள் நடு ஆற்றில் வாரக்கணக்கில் நிற்கும், நாட்டுப் படகுகளில் மூட்டை மூட்டையாக இறக்குவார்கள்.

படகு வந்து சேரவில்லை என்று தெரிந்தும் முன்னேறும் உத்தரவை யாரும் நிறுத்தவில்லை. இந்த விவகாரத்தில் ஒரே ஒரு தவறைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

காயம்பட்டவர்களுக்கு என்ன ஆனது?

1915 நவம்பர் 22 அன்று, பாக்தாதுக்குச் சற்றுத் தெற்கே, டெசிஃபான் என்ற இடத்தில் சண்டை. பழைய பாரசீக அரண்மனையின் பிரம்மாண்டமான வளைவு இன்றும் நிற்கும் இடம் அது. அந்தச் சண்டையில் படைக்கு ஏற்பட்ட சேதம் சுமார் 4,600 பேர், அவர்களில் பெரும்பாலோர் காயம்பட்டவர்கள். மருத்துவ ஏற்பாடோ இதில் ஒரு சிறு பங்குக்குத்தான் செய்யப்பட்டிருந்தது.

களத்திலிருந்து ஆற்றங்கரைக்கு அவர்களைக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் இல்லை. சாமான் ஏற்றும் வண்டிகள்தான் இருந்தன. ஸ்பிரிங் கிடையாது, அடித்தளம் வெறும் கட்டையும் இரும்பும். தொடை எலும்பு முறிந்தவனை அதில் படுக்கவைத்து, மேடு பள்ளத்தில் மைல்கணக்கில் இழுத்துப் போனார்கள். சிலர் வண்டியே வேண்டாம் என்று இறங்கித் தவழ்ந்து போனதாகச் சாட்சியம் இருக்கிறது.

ஆற்றங்கரைக்கு வந்தால் ஸ்டீமர். பஸ்ரா வரை வளைந்து வளைந்து சுமார் 400 மைல், இரண்டு வாரம் வரை பிடித்தது. மெஜிதியே என்ற ஸ்டீமர் இருபக்கமும் பார்ஜுகளை, அதாவது சரக்கு ஏற்றும் தட்டைப் படகுகளை, கட்டிக்கொண்டு பஸ்ராவை நெருங்கியபோது, வரேலா என்ற மருத்துவமனைக் கப்பலின் பொறுப்பிலிருந்த டாக்டர் மேஜர் கார்ட்டர் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் பார்க்கும்போது படகின் பக்கவாட்டில் கயிறு கயிறாக ஏதோ தொங்குவதுபோல் அவருக்குத் தெரிந்தது. கிட்ட வந்த பிறகுதான் அது காய்ந்த மலம் என்று புரிந்தது. நகர இடமில்லாமல் அடைத்துவைக்கப்பட்டிருந்த மனிதர்களுடையது. தளத்தில் ஏறிப் பார்த்தார். தொடையில் ஐந்தாறு இடத்தில் துளை விழுந்த ஒருவன் வயிற்றுப்போக்கின் நடுவே புரண்டுகொண்டிருந்தான். மழைக்கு மேலே ஒரு கூரைத்துணி கூட இல்லை. காயத்துக்குக் களத்தில் போட்ட கட்டு அதன்பிறகு பிரிக்கப்படவே இல்லை.

சென்னை மாகாண மக்கள் பணம் திரட்டி அந்தப் போருக்காக ஒரு மருத்துவமனைக் கப்பலையே அனுப்பிவைத்தார்கள். கப்பலின் பெயரும் 'மெட்ராஸ்'தான். கொடுக்க மக்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட கடல் கப்பல்கள் எல்லாம் பஸ்ராவோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஆற்றில் நோயாளிகளுக்கென்று ஒரு படகுகூட அப்போது இல்லை. அதை ஏற்பாடு செய்வது அரசின் வேலை.

இந்த நிலையில் நிக்ஸனின் தலைமையகத்திலிருந்து மேலே போன தந்தி என்ன சொன்னது தெரியுமா? காயம்பட்டவர்கள் திருப்திகரமாக அனுப்பிவைக்கப்பட்டார்கள், பலர் தேறிவிடுவார்கள், கஷ்டமான சூழ்நிலையிலும் மருத்துவ ஏற்பாடுகள் அருமையாக நடந்தன. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

அந்த டாக்டர் கார்ட்டர் புகார் செய்யவில்லையா?

செய்தார், விடாமல் செய்தார். அதற்காக அவரை மிரட்டினார்கள். வாயை மூடாவிட்டால் கைது செய்வோம், கப்பல் பொறுப்பையும் பிடுங்கிவிடுவோம் என்றார்கள். களத்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஹாத்தவேயும் நிக்ஸனின் தலைமையகத்தில் இருந்த ஜெனரல் கௌப்பரும்தான் அப்படிப் பேசியவர்கள். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற கிறுக்கன் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

அப்புறம் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே கௌப்பர், படகு போதவில்லை என்று இந்தியாவுக்குக் கடுமையாக ஒரு தந்தி அடிக்கக் காரணமாக இருந்தார். அதற்குத் தலைமைத் தளபதி டஃப்பிடமிருந்து வந்த பதில்: இப்படிச் சிணுங்கிக்கொண்டு இன்னொரு முறை படகு கேட்டால் உன்னைப் படையிலிருந்து நீக்குவேன், வேறு எங்கேயும் வேலை கிடைக்காது. கார்ட்டரை மிரட்டியவருக்கு மேலிருந்து அதே மிரட்டல் வந்திருக்கிறது. டஃப் சிம்லாவிலும் டெல்லியிலும் உட்கார்ந்து படை நடத்தியவர், மெசபடோமியா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்வதே குற்றமாகிப் போன இடத்தில் இருக்கிறது என்று எழுதத்தான் எல்லோரும் பழகிக்கொள்வார்கள். "திருப்திகரம்" என்ற அந்தத் தந்தியும் இப்படிப் பிறந்ததுதான்.

டவுன்ஷெண்ட் கூட்டில் நின்றது சரியா?

டெசிஃபானிலிருந்து பின்வாங்கி வந்த படை களைத்துப் போயிருந்தது. ஓரிரு நாள் நின்று மூச்சுவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவர் மனதில் வேறொன்றும் இருந்தது என்று நினைக்கிறேன். 1895இல் அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையிலிருந்த சித்ரால் கோட்டையில் 46 நாள் முற்றுகையைத் தாங்கி, மீட்கப்பட்டு, இங்கிலாந்தில் நாயகனாக இறங்கியவர் அவர். கூட்டும் அப்படித்தான் முடியும் என்று நம்பியிருப்பார்.

அவர் செய்த பெரிய தவறு உணவுக் கணக்கில். ஊரில் என்ன இருப்பு இருக்கிறது என்று முழுதாகத் தேடாமலே, குறைந்த நாள்தான் தாங்கும் என்று வெளியே செய்தி அனுப்பினார். அவசரம் அவசரம் என்று மீட்புப் படை சரியாகத் திரளுவதற்குள்ளேயே தாக்கியது. ஜனவரி 21 அன்று ஹன்னாவில் கொட்டும் மழையில், உறையும் சேற்றில் சுமார் 2,700 பேர் விழுந்தார்கள். அது முடிந்த சில நாளில் டவுன்ஷெண்டிடமிருந்து புதிய செய்தி வந்தது. வீடுவீடாகத் தேடியதில் தானியம் கிடைத்தது, இன்னும் 84 நாள் சமாளிக்கலாம் என்று. டிசம்பரிலேயே அந்த வீடுகளைத் தேடியிருந்தால் ஹன்னாவில் அத்தனை பேர் அந்தச் சேற்றில் கிடந்திருக்க மாட்டார்கள்.

காப்பாற்ற முயற்சியே நடக்கவில்லையா?

நடந்தது, உயிரைக் கொடுத்து நடந்தது. ஷேக் சாத், வாடி, ஹன்னா, துஜைலா, சன்னையாத் என்று நான்கு மாதம் மோதினார்கள். உள்ளே இருந்த 13,000 பேரை மீட்கப் போய், வெளியே சுமார் 23,000 பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள்.

ஏப்ரலில் விமானங்களிலிருந்து மாவு மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள். உலகப் போர் வரலாற்றில் இது கிட்டத்தட்ட முதல் முயற்சி. பல மூட்டைகள் ஆற்றில் விழுந்தன, சில துருக்கியர் பக்கம் போயின. கடைசியாக ஏப்ரல் 24 இரவு ஜுல்னார் என்ற ஸ்டீமரில் 270 டன் சாமான் ஏற்றி, துருக்கிய பீரங்கிகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தில் அது சிக்கியது. ஓட்டிப்போன ஃபிர்மன், கௌலி இருவரும் இறந்தார்கள், பின்னால் அவர்களுக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். 10 லட்சம் பவுன், பிறகு 20 லட்சம் பவுன் தருகிறோம், படையை விட்டுவிடுங்கள் என்று பேரமும் பேசப்பட்டது. துருக்கி மறுத்தது.

இவ்வளவு வீரமும் பணமும் ஆறு மாதம் முன்னால் படகாக வந்திருக்கலாம்.

இந்தியச் சிப்பாய்கள் குதிரைக்கறி சாப்பிட மறுத்ததால்தான் தோற்றார்கள் என்று படித்தேனே?

பழியைக் கீழே தள்ளும் பேச்சு இது. உள்ளே குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அறுத்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சாப்பிட்டார்கள். இந்தியர்களில் பெரும்பாலோர் ஏப்ரல் வரை மறுத்தார்கள் என்பது உண்மை. ஊருக்குத் திரும்பினால் சாதிக்காரர்கள் ஒதுக்கிவைப்பார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு. இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியைத் தந்தியில் வரவழைத்தும் உடனே பலிக்கவில்லை. காய்கறி இல்லாததால் அவர்களுக்குப் பல் ஈறு வீங்கும் ஸ்கர்வி நோய் வந்து, நிற்கவே முடியாமல் போனது.

ஆனால் அவர்கள் அந்த நிலைக்கு வந்ததே மேலே சொன்ன எல்லாத் தவறுகளுக்கும் பிறகுதான். தன் சிப்பாய் எதைச் சாப்பிடுவான், எதைச் சாப்பிடமாட்டான் என்று அத்தனை வருஷம் இந்தியப் படையை நடத்திய அதிகாரிகளுக்குத் தெரியாதா என்ன?

சரணடைந்த பிறகு?

கடுமையாக நோயுற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் துருக்கியக் கைதிகளுக்குப் பதிலாகத் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்களை நடக்கவைத்தார்கள். அதிகாரிகளைத் தனியே பிரித்துவிட்டதால் சிப்பாய்களுக்காகப் பேச ஆளில்லை. பாக்தாத், மொசூல், ராஸ் அல் ஐன் என்று கோடை வெயிலில் பாலைவன நடை. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். பிழைத்தவர்கள் பாக்தாத் ரயில்பாதை வேலையில் கூலிகளானார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களில் சுமார் 70 சதவீதம் பேர் சிறையிருப்பில் இறந்தார்கள். இந்தியர்களில் இறந்தவர்களும் தடம் தெரியாமல் போனவர்களும் சேர்ந்து சுமார் 3,000 பேர்.

டவுன்ஷெண்டை இஸ்தான்புல் அருகே ஒரு தீவில், வேலைக்காரர்களோடு வசதியாக வைத்திருந்தார்கள். சிறையில் இருக்கும்போதே 1917இல் அவருக்கு சர் பட்டம் வந்தது. போர் முடிந்ததும் நாடாளுமன்ற உறுப்பினரானார். தன் ஆட்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று அவர் பெரிதாகக் குரல் கொடுத்ததாகத் தெரியவில்லை. போரில் அவர் செய்த தவறுகளைவிட எனக்கு இதுதான் மன்னிக்க முடியாததாகப் படுகிறது.

விசாரணை நடந்ததா?

இரண்டு முறை. முதலில் இந்திய அரசே 1916இல் வின்சென்ட், பிங்லி தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. மருத்துவச் சீர்கேட்டை அது மூடிமறைக்காமல் எழுதியது. பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் நெருக்குதலால் லார்ட் ஜார்ஜ் ஹாமில்டன் தலைமையில் மெசபடோமியா கமிஷன் அமைந்தது. அதன் அறிக்கை 1917 ஜூன் கடைசியில் வெளிவந்தது. கார்ட்டரின் சாட்சியம், "திருப்திகரம்" தந்தி, கௌப்பருக்கு வந்த மிரட்டல் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சொந்த வைஸ்ராயின் பெயரையும் தளபதியின் பெயரையும் போட்டு ஓர் அரசு இப்படி அச்சடித்தது சின்ன விஷயம் இல்லை. அதை மனதாரப் பாராட்டுகிறேன். முன்னேற்றத்துக்கு முதல் பொறுப்பு நிக்ஸன் என்றது கமிஷன். அடுத்து ஹார்டிங், டஃப், லண்டனில் ராணுவ ஆலோசகர் பாரோ, சேம்பர்லின், போர்க்குழு என்று வரிசைப்படுத்தியது. மருத்துவத்துக்கு ஹாத்தவேயையும், இந்தியாவில் மருத்துவத் தலைவராக இருந்த பாப்டியையும் குற்றம் சொன்னது.

சரி, யாருக்குத் தண்டனை கிடைத்தது?

யாருக்கும் இல்லை. விவாதத்தில் ஆவேசமாகப் பேசினார்கள், தனி நீதி விசாரணை வரும் என்றார்கள், பிறகு அதைக் கைவிட்டார்கள்.

சேம்பர்லின் ராஜினாமா செய்தார். கமிஷன் அவர்மேல் வைத்த குறை மற்றவர்களைவிடக் குறைவு. என் துறையில் நடந்தது, நான் போகிறேன் என்று எழுந்து போனவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் கெட்டுப்போகவும் இல்லை: பின்னால் வெளியுறவு மந்திரியானார், 1925க்கான நோபல் அமைதிப் பரிசும் பெற்றார்.

ஹார்டிங் அதற்குள் லண்டனில் வெளியுறவுத் துறையின் உச்ச அதிகாரி. ராஜினாமா கொடுத்தார், மந்திரி பால்ஃபர் வாங்கிக்கொள்ளவில்லை. 1920இல் பாரிஸ் தூதரானார். நிக்ஸனுக்கு 1919இல் உயர் பட்டம். டஃப் பதவி இழந்து, 1918 ஜனவரியில் இறந்தார்.

சேம்பர்லின் இடத்துக்கு வந்தவர் எட்வின் மாண்டேகு. இந்திய அரசு மரக்கட்டைபோல் இறுகி, இந்தக் காலத்துக்கு உதவாததாகிவிட்டது என்று அதே விவாதத்தில் பேசிய சில நாளில் அவருக்கு அந்தப் பதவி வந்தது. இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்ற 1917 ஆகஸ்ட் அறிவிப்பு அவருடையது. கூட்டில் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்த அறிவிப்பில் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில், அந்த ஊரில், அவ்வளவுதானே முடிந்திருக்கும்?

இல்லை. 1916 பிப்ரவரியில் பொறுப்பை லண்டன் போர் அலுவலகம் எடுத்துக்கொண்டது. பஸ்ராவில் துறைமேடைகள் வந்தன, ரயில்பாதை வந்தது, ஆற்றுப் படகுகள் வந்தன, மருத்துவமனைகள் வந்தன. புதிய தளபதி ஜெனரல் மாட் மாதக்கணக்கில் காத்திருந்து, எல்லாம் சேர்ந்த பிறகே கிளம்பினார். 1917 மார்ச் 11 அன்று பாக்தாத் அவர் கையில். அதே ஆறு, அதே வெயில், பெரும்பகுதி அதே இந்தியச் சிப்பாய்கள்.

இறந்த சிப்பாய்களின் பெயர்கள் எங்காவது இருக்கின்றனவா?

கல்லறை தெரியாமல் மெசபடோமியாவில் இறந்த 40,000க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். 1997இல் அதை அப்படியே பெயர்த்து, நாசிரியா சாலையில் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் பிரிட்டிஷ் படையினருக்கு, சாதாரணச் சிப்பாய் உட்பட, ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்கு ரெஜிமென்டின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று ஓர் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள்.

இது பாகுபாடுதான் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெயர்கள் பல காகிதப் பதிவேடுகளில் இருக்கின்றன, ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். உங்கள் குடும்பத்தில் யாராவது பஸ்ராவுக்குப் போய்த் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டிருந்தால், ரெஜிமென்ட் பெயரையும் சிப்பாய் எண்ணையும் முதலில் கண்டுபிடியுங்கள். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். பெயரோடு சேர்ந்து தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் பல பதிவுகளில் இருக்கும்.